கோப்பின்படி நகராத தொட்டி

முள்ளிச்செவல் பஞ்சாயத்தின் தண்ணீர்த் தொட்டி, மேலத்தெரு நடுவில் பத்தொன்பது வருசமாக நின்ற இடத்திலேயே நின்று கால் மரத்துப்போனதோ என்னவோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் போனதற்கும் டவுன் பஸ் வந்ததற்கும் நடுவில், தன் நான்கு தூண்களையும் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவி எடுத்து, வயிற்றில் பாதித் தண்ணீர் தளும்ப, தேர் முக்குத் திரும்புகிற மாதிரி மெல்லத் திரும்பி, பருத்திக்காட்டு வண்டிப்பாதை வழியாகக் கீழத்தெருவுக்கு நடந்துபோனது. கரண்டுக் கம்பி வந்த இடத்தில் குனிந்துகொண்டதாம். பருத்திச் செடி எதையும் மிதிக்கவில்லையாம். ரோட்டைக் கடக்கும்போது டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கப்போக, கண்டக்டர் அவர் கையைப் பிடித்து, "போகட்டும்யா, அதுக்கு என்ன அவசரமோ" என்றாராம்.

யாரும் அலறவில்லை. மேலத்தெருவில் தொட்டி நின்ற இடத்தில் நான்கு குழிகளும், தொப்புள்கொடி அறுந்த மாதிரி தொங்குகிற குழாயும் மட்டும் மிச்சமிருந்தன. கீழத்தெருவில் காளியம்மன் கோயிலுக்கும் அங்கன்வாடிக்கும் நடுவில் காலி மனையில் தொட்டி வந்து நின்று, கோழி அடைக்கு உட்காருவதுபோல இப்படியும் அப்படியும் அசைந்து சரியாக அமர்ந்துகொண்டபோது, வாசல் கூட்டிக்கொண்டிருந்த சீனியம்மா நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சொல்லிவிட்டு மிச்ச வாசலையும் கூட்டினாள்.

தொட்டியின் வயிற்றில் எழுதியிருந்ததைப் படித்தவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. 'கீழத்தெரு குடிநீர்த் தொட்டி' என்றுதான் எழுதியிருந்தது. கீழத்தெருக்காரர்களுக்கென்றே வந்த பணம், கீழத்தெருவில் கட்டுவதாக எழுதிய கோப்பு, கீழத்தெரு ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம். கட்டினது மட்டும் மேலத்தெருவில். அன்றைக்குத் தலைவராக இருந்த பெரிய முதலாளி சொன்னார்: "தண்ணி எல்லாருக்கும் பொது. தொட்டி மேட்டுல நின்னாத்தான எறங்கி ஓடும்?" கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. மேடு மேலத்தெருவில் இருந்தது, மேடு எப்போதும் அங்கேதான் இருந்தது. கீழத்தெருவுக்கு ஊர் எல்லையில் ஒரே ஒரு குழாய் வைத்தார்கள். மேலத்தெரு குளித்து, மேலத்தெரு எருமை குளித்து, மேலத்தெரு வாழை குடித்து, அதற்கப்புறமும் மனசு வந்தால் அந்தக் குழாய் சொட்டும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும்போது அந்த எழுத்தின் மேல் இரண்டு பூச்சு கூடுதலாகவே பூசுவார்கள். ஐப்பசி மழையில் அது மறுபடி மேலே வந்துவிடும்.

இப்போது பஞ்சாயத்துத் தலைவர் அன்னக்கொடி. கீழத்தெருக்காரி. சுழற்சியில் தலைவர் பதவி கீழத்தெருப் பெண்களுக்கு என்று வந்தபோது, நூறு நாள் வேலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலை வாங்கிக்கொண்டிருந்தவளை, சத்தமாகப் பேசுவாள் என்ற ஒரே தகுதியில் தெருக்காரர்கள் நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். ஜெயித்த அன்று கழுத்தில் ஒரு மாலையும் கையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடமும் கொடுத்தார்கள். குடம் காலி. "மாலை சாயங்காலம் வாடிரும். இத வாசல்ல வையி. இது வாசக் குழாயில நெறையிற அன்னைக்குத்தான் தாயி நீ செயிச்ச" என்றாள் சீனியம்மா. அதற்கு நாலு வருசமாகிறது. குடம் வாசலில் கவிழ்ந்தே கிடந்தது. காலையில் சேவல் ஏறி நின்று கூவுவதற்கு வாட்டமாக இருந்தது. இன்னும் ஒரு வருசத்தில் பதவி முடியும். அப்புறம் சுழற்சி வேறு பக்கம் சுற்றும். குடம் அப்படியே கிடக்கும். வீட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் அன்னக்கொடி அதைப் பார்க்காமல் இறங்கப் பழகியிருந்தாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் மேலத்தெருவில். உள்ளே ஒரு கை வைத்த நாற்காலி. முதுகில் வெள்ளைப் பெயின்டில் 'தலைவர்' என்று எழுதியிருக்கும். அதில் துணைத் தலைவர் திருவேங்கடம் உட்காருவார். பெரிய முதலாளியின் மகன். அப்பா உட்கார்ந்த நாற்காலி, மகன் உட்காருகிறார், இதில் என்ன இருக்கிறது என்பது ஆபீஸ் பழக்கம். அன்னக்கொடிக்குப் பீரோ ஓரமாக ஒரு ஸ்டூல். இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சாயத்து கிளார்க் ஞானதுரை. திருவேங்கடம் அன்னக்கொடியிடம் நேரே பேசியதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடச் சட்டம் இடம் தராது, 'தலைவரே' என்று கூப்பிட நாக்கு இடம் தராது. அதனால் ஞானதுரையின் கழுத்து நாலு வருசமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது.

"ஞானதுரை, தொட்டிய எப்ப திருப்பி அனுப்புறாகன்னு தலைவர்ட்ட கேளுப்பா."

"தலைவரம்மா, தொட்டிய எப்ப திருப்பி…"

"நானா கூட்டியாந்தேன் மொதலாளி? அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சாம்."

"அதுவா வந்தது அதுவா போகட்டும்னு சொல்லு."

"நான் சொன்னா கேக்குற ஒண்ணுகூட இந்த ஆபீஸுலயே இல்ல, தொட்டி கேக்கவா போகுதுன்னு சொல்லுங்க."

ஞானதுரை இதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டார்.

மேலத்தெரு மனு எழுதிப் போட்டது. ஒரு வாரம் கழித்து யூனியன் ஆபீஸிலிருந்து பிடிஓ ஜீப்பில் வந்தார், கூடவே ஓவர்சியர். பிடிஓ பல ஊர் மாற்றலில் அலுத்துப்போன மனுசர். தொட்டி நடந்தது என்ற செய்தியை, ரேஷனில் சீனி வரவில்லை என்ற செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். கோப்பைப் பிரித்தார். தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"கோப்புல தொட்டி எங்க இருக்கு? கீழத்தெருவுல. இப்ப எங்க நிக்குது? கீழத்தெருவுல. நடந்துச்சுன்னா நான் எதை எழுதுறது?" என்றார். "இந்தச் சுத்துவட்டாரத்துல கோப்பும் களமும் ஒத்துப்போற ஒரே தொட்டி இதுதான்யா. இதப்போய் எடுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" ஓவர்சியரை விட்டுத் தொட்டியோடு சேர்த்துத் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார். மனுவின் மேல் எழுதினார்: 'கோப்பின்படி தொட்டி நகரவில்லை. மனு முடிக்கப்பட்டது.'

அன்னக்கொடி அவருக்கு முன்னால் போய் நின்றாள். "சார், தொட்டி வந்துட்டு. குழாய் இல்ல. மேலத்தெரு போர்க் கெணத்துலருந்து இங்க ஏத்துறதுக்கு ஒரு பைப்பு, இங்கருந்து வீட்டுக்கு வீடு ஒரு பைப்பு, அப்படியே மேலத்தெருவுக்கும் திரும்பிப் போக ஒரு பைப்பு. அம்புட்டுத்தான்."

பிடிஓ பக்கத்தைத் திருப்பினார். "கீழத்தெருவுல வீட்டுக்கு வீடு குழாய் இருக்கேம்மா."

"எங்க?"

"இங்க." படத்தைக் காட்டினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழாய், பக்கத்தில் வீட்டுக்காரர்கள் சிரித்தபடி. எல்லாப் படத்திலும் அதே குழாய்தான். அன்றைக்கு ஓவர்சியர் பையில் ஒரே ஒரு பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து, வாசல் வாசலாக மண்ணில் நட்டுப் படமெடுத்து, பிடுங்கி அடுத்த வாசலில் நட்டுக்கொண்டே போனது கீழத்தெருவுக்கே தெரியும். சீனியம்மா பக்கத்தில் அது கொஞ்சம் சாய்ந்து நின்றது. 'நூறு சதவீதம் குழாய் இணைப்பு பெற்ற ஊராட்சி' என்று ஊர் முகப்பில் போர்டு வைத்து மாலையும் போட்டார்கள்.

"இருக்கிறதுக்கு மறுபடி பணம் கேட்டு எழுதினா என் வேலை போயிரும்மா. வேணும்னா தண்ணிச் சிக்கனம் பத்திச் சுவர்ல படம் வரையப் பணம் இருக்கு. மார்ச்சுக்குள்ள செலவழிக்கலேன்னா திரும்பிப் போயிரும். வேற எதுக்கும் தொடக்கூடாது."

அப்படித்தான் கீழத்தெருச் சுவர்களில் அழகழகான குழாய்கள் வந்தன. நீலத் தண்ணீர் கொட்டுகிற மாதிரி, பக்கத்தில் 'சொட்டு நீரையும் சேமிப்போம்' என்று எழுதி. தாகமெடுத்த காக்கைகள் இரண்டு நாள் அந்தச் சுவரைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

ஜீப்பில் ஏறும்போது பிடிஓவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஏம்மா, வீட்டு வரி, தண்ணி வரின்னு பஞ்சாயத்துக்குச் சொந்தப் பணம் இருக்குல்ல? அதுல போட்டுக்கங்க. உங்களுக்குச் சுயாட்சி குடுத்து எத்தன வருசமாச்சு, இன்னும் எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? கிராமசபையில தீர்மானம் போடுங்க, ரெண்டு பேரும் செக்குல கையெழுத்துப் போடுங்க, நான் யாரு கேக்க?"

ரெண்டு பேரும் என்பது தலைவரும் துணைத் தலைவரும். அந்த 'உம்'மில்தான் முள்ளிச்செவலின் சுயாட்சி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஞானதுரை, தொட்டி மேலத்தெருவுக்குத் திரும்பி வரட்டும், மறுநிமிசம் கையெழுத்துன்னு சொல்லு" என்றார் திருவேங்கடம். "அங்க நிக்கிற தொட்டியிலருந்து வர்ற தண்ணிய எங்க தெரு குடிக்கணுமா? அதுவும் கடைசி ஆளா நின்னு?"

கடைசி ஆளாக நிற்பது எப்படியிருக்கும் என்று அன்னக்கொடியால் விவரமாகச் சொல்லியிருக்க முடியும். ஞானதுரையின் கழுத்தை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆக, ஒரு தெருவில் தொட்டி இருந்தது, அதில் தண்ணீரில்லை. இன்னொரு தெருவில் போர் இருந்தது, அதற்குத் தொட்டியில்லை. கீழத்தெரு தொட்டிமேல் ஏறி, வந்த அன்று வயிற்றில் கிடந்ததை வாளிபோட்டு இறைத்துத் தீர்த்தது. மேலத்தெரு, கரண்டு இருக்கிற நேரத்தில் போர் வாயிலேயே குடத்தைக் கொடுத்து முட்டி மோதியது. மேலத்தெருப் பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்ததாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கீழத்தெருப் பெண்கள் அதைக் கேட்டுச் சந்தோசப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

இதற்குள் தொட்டியைப் பார்த்து மற்றதுகளுக்கும் கால் வந்துவிட்டது.

முதலில் பஸ் நிழற்குடை. கீழத்தெரு விலக்கு என்று எழுதி, திருவேங்கடத்தின் உரக்கடை வாசலில் கட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஐஸ்காரரையும் சேர்த்துக்கொண்டு, கீழத்தெருவுக்குப் பாதை பிரிகிற அந்த விலக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்தது நூலகம், பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களோடு. அவர்கள் தலைப்புச் செய்தியிலிருந்து கண்ணெடுக்காததால் இடம் மாறியதை வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் கண்டுகொண்டார்கள். திருவேங்கடத்தின் மாட்டுக் கொட்டகை, ஏழைகளுக்கான திட்டத்தில் யார் பேரில் வாங்கியதோ அந்தக் கிறுக்கன் மாரியின் குடிசைப் பக்கம் மாடுகளோடு போய் நின்றது. மாரி கொட்டகையை வைத்துக்கொண்டு மாடுகளைத் திருப்பி அனுப்பினான்; அவன் பேரில் மாடு எழுதவில்லையாம். வாங்காமலே வாங்கியதாக எழுதிய கீழத்தெருக் குழாய்களும், ஓடையில் கட்டாமலே கட்டியதாக எழுதிய தடுப்பணையும் மட்டும் வரவில்லை. இல்லாததற்குக் கால் எங்கிருந்து வரும்?

எந்த ஊருடையதோ ஒரு சிறுபாலம், களைத்துப்போய், முள்ளிச்செவல் வழியாக ஒரு பகல் முழுக்க நடந்து கிழக்கே போனது. அதற்கு இன்னும் எவ்வளவு தூரமோ என்று ஜனங்கள் பரிதாபப்பட்டு வழிவிட்டு நின்றார்கள்.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. காலையில் டீக்கடைக்கு வருகிறவர்கள், யார் வீட்டில் துக்கம் என்று விசாரிக்கிற குரலில், "இன்னைக்கு எது?" என்று கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், நகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "காம்பவுண்டுச் சுவரு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்கள். மேலத்தெருவில் சிமென்டுத் தொட்டி, சோலார் விளக்கு, ஆட்டுக் கொட்டில் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினார்கள். இரும்புக் கடையில் சங்கிலி கிராக்கியானது. நேர்மையாக வாங்கிய பொருள்களை, கட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகப்படுவானே என்று, கட்டாமல் விட்டுப் பெருமையாகக் காட்டினார்கள்.

அன்னக்கொடிக்கு இதிலெல்லாம் உள்ளூர ஒரு கொண்டாட்டம் இருக்கத்தான் செய்தது, சித்திரை பிறக்கும்வரை. சித்திரை பிறந்த மறுநாள் விடிகாலையில் கொல்லைக்குப் போனவள், கொல்லை மட்டும் இருப்பதைப் பார்த்தாள். கக்கூசைக் காணோம்.

எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை. பதவிக்கு வந்த புதிதில், மகள் பெரியவளாகியிருந்த நேரம், கக்கூஸ் திட்டப் பட்டியலில் அன்னக்கொடி பேர் இல்லை, சீனியம்மா பேர் இருந்தது; அந்தப் பேரில் வந்ததை இவள் தன் கொல்லையில் கட்டிக்கொண்டாள். 'ஒத்தைக் கட்டைக்கு எதுக்குடி, எனக்குக் காடு கெடக்கு' என்று சீனியம்மா சொன்னதாக அன்னக்கொடி ஞாபகம் வைத்திருந்தாள். சீனியம்மா அப்படிச் சொன்னாளா, சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாளா என்பது இப்போது கொஞ்சம் குழப்பமாக இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, எதிர்வரிசைக்கு நடந்துபோனாள். சீனியம்மா வீட்டு வேப்பமரத்தடியில், நீலக் கதவு சாத்தியபடி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

"சித்தி…" என்றாள்.

சீனியம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தாள். "வந்தது வந்துட்டு. நீயும் ஒம் மகளும் எப்பவும்போல வந்து போய்க்கிடுங்க, நான் என்ன பூட்டா போடப்போறேன்? ஆனா வர்றப்ப ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி கையோட கொண்டாந்துருங்க. இந்தப் பஞ்சாயத்துல தண்ணிக்குக் கஷ்டம். தலைவரு சரியில்ல."

தெரு சிரித்தது. அன்னக்கொடியும் சிரித்தாள், கண் ஓரம் கரித்தாலும். அன்றிலிருந்து காலையில் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு கையில் வாளியோடு தெருவைக் கடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். வாளி கனத்த கையை உயர்த்தி அவளால் திருப்பி வணக்கம் சொல்ல முடியவில்லை. நடந்து நடந்து அவளுக்கு ஒன்று மட்டும் உறுதியானது: மேலேயிருந்து வருகிறதை எதிர்பார்த்தால் சுவரில்தான் தண்ணீர் ஓடும். இருக்கிற ஒரே வழி அந்தச் சொந்தப் பணம். அதற்கு அந்த ஒற்றைக் கையெழுத்து.

அந்தக் கை அப்போது வேறு வேலையில் இருந்தது. எல்லாம் அதது பேருக்குரிய இடத்துக்கு நடக்கத் தொடங்கியதும், திருவேங்கடம் தன் முதுகுக்குப் பின்னால் எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டார். கிணற்றுக் கயிற்றை வாங்கிவந்து நாற்காலிக் காலை ஆபீஸ் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். அதுவும் போதாது என்று எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டார். சாப்பாடு கேரியரில் வந்தது. மத்தியானத் தூக்கம் அதிலேயே. நாற்காலி சில நேரம் அடியில் லேசாக முனகும். அவர் இரண்டு கையாலும் அதன் கைகளை அழுத்திப் பிடித்துக்கொள்வார். கையெழுத்துப் போடக் கை ஒழியவில்லை என்பது ஒருவகையில் உண்மைதான்.

மே தினக் கிராமசபை வந்தது. கிராமசபை என்றால் முள்ளிச்செவலில், ஞானதுரை வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது. இல்லாதவர்களுக்கு இடது கையால் அவரே போடுவார்.

"இந்தத் தடவ ஆள் கூடணும்" என்றாள் அன்னக்கொடி.

"மேலத்தெரு மண்டபத்துல எடம் பத்தாதே தலைவரம்மா."

"மண்டபத்துலதான் நடத்தணும்னு சட்டத்துல இருக்கா?"

ஞானதுரை யோசித்தார். "எடத்தத் தலைவர் முடிவு பண்ணலாம்னுதான் இருக்கு. யாரும் பண்ணினதில்ல."

"தொட்டிக்குக் கீழ. தமுக்கு அடிச்சுச் சொல்லிருங்க."

வெயில் மண்டையைப் பிளந்த அந்த மே ஒன்றாம் தேதி, தொட்டியின் வட்ட நிழலுக்குள் கீழத்தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. மேலத்தெருவும் வந்தது, முதலில் வண்டிப்பாதை ஓரம் நின்றது, அப்புறம் நிழலின் விளிம்புக்கு வந்தது, வெயில் ஏற ஏற உள்ளே நகர்ந்து உட்கார்ந்தது. திருவேங்கடத்தின் மனைவிகூட முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவர் மட்டும் வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்னக்கொடிக்கு உட்கார எதுவும் இல்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல. போரு ஒங்க தெருவுல, தொட்டி எங்க தெருவுல. நடுவுல பைப்பு. பணம் நம்ம எல்லாரும் கட்டுன வரிப்பணம். யாரும் எங்கயிருந்தும் குடுக்க வேணாம், யாரும் எங்கயும் திருப்பி எடுத்துட்டுப் போகவும் முடியாது. செய்யலாமா, வேணாமா?"

கைகள் உயர்ந்தன. முதலில் நிழலின் நடுவில், பிறகு விளிம்பில். அந்த நேரத்தில்தான் யாரோ, "அங்க பாருங்க" என்றார்கள்.

வண்டிப்பாதையில் நாற்காலி வந்துகொண்டிருந்தது. தலைவர் தலைமை தாங்குகிற இடத்துக்குத் தலைவர் நாற்காலி வராமல் எப்படி? மேலே திருவேங்கடம், இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, வேட்டி ஒருபக்கம் சரிய, ஊர்வலச் சாமிபோல ஆடி ஆடி வந்தார். பின்னால் கிணற்றுக் கயிற்றில் ஜன்னல் கம்பி, கட்டையும் கொஞ்சம் சுவருமாக, புழுதியில் இழுபட்டு வந்தது. குதித்திருக்கலாம். குதித்தால் நாற்காலி அவரில்லாமல் போய்விடும். அதனால் உட்கார்ந்தே வந்தார். நாற்காலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அன்னக்கொடிக்கு முன்னால் நின்று, இறங்குங்கள் என்பதுபோல முன்பக்கம் லேசாகச் சாய்ந்தது.

அந்த மண்ணில் அவர் கால் பட்டதில்லை. ஓட்டுக் கேட்டு வந்தபோதுகூட ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்கினார். செருப்பு வழியிலேயே விழுந்திருந்தது. சூட்டுக்கு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அன்னக்கொடி நாற்காலியைப் பார்த்தாள். நாலு வருசம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நாற்காலி. முன்னாலிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் இருந்தது.

"வைஸ் உக்காருறதுக்கு ஒரு ஸ்டூல் கொண்டாங்க" என்றாள். முதலாளி என்று சொல்லவில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

ஸ்டூல் வந்தது. நிழலில் போட்டார்கள். சீனியம்மா பச்சைக் குடத்தை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். "தாகமாயிருப்பீக. இருந்தாத் தந்திருப்போம்."

திருவேங்கடத்தின் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து பேசினாள். மெதுவாகப் பேசினாலும் தொட்டி வயிற்றில் மோதி எல்லாருக்கும் கேட்டது. "கொழம்புக்கு ஊத்துற தண்ணிக்குத் தெரு தெரியுமா? போட்டு விடுங்க. நம்ம மாடி எந்தத் திட்டத்துல கட்டினதுன்னு எனக்குத்தான தெரியும். அது கிளம்புறதுக்குள்ள போட்டு விடுங்க."

ஞானதுரை செக்கை எடுத்து நாற்காலிக் கைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நடுவில் நின்றார். திருவேங்கடம் அவரைப் பார்த்தார். பிறகு அவரைத் தாண்டிப் பார்த்தார்.

"எங்க போடணும்?" என்றார், அன்னக்கொடியிடம்.

தலைவரே என்று சொல்லவில்லை. ஆனால் நேரே கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். "எம் பேருக்குக் கீழ."

ஆடிக்குள் பைப்பு போட்டு முடித்தார்கள். முதல் தண்ணீர் காற்றும் துருவுமாகத் துப்பி, இருமி, அப்புறம் தெளிந்து வந்தது. அன்னக்கொடி வாசலில் பச்சைக் குடம் நிமிர்ந்து உட்கார்ந்தது; எங்கே நின்று கூவுவதென்று தெரியாமல் சேவல் இரண்டு நாள் கூவவில்லை. சீனியம்மா, "சரி, செயிச்சுட்ட. கக்கூஸுக்கு வாளி தூக்க வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னாள். மேலத்தெருவுக்குத் தண்ணீர் கடைசியாகப் போனது. ஆனாலும் போனது. கடைசியில் நிற்கிறவர்களுக்கும் போதும்படி வால்வைத் திறப்பது எப்படி என்று கீழத்தெருவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதற்கப்புறம் முள்ளிச்செவலில் எதுவும் நடக்கவில்லை; நடந்திருந்தாலும், தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்து நடந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

தையில் தணிக்கைக்கு ஆள் வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். ஜன்னல் பெயர்ந்துபோன ஆபீஸில் காற்று நன்றாக வருவதாகப் பாராட்டினார். நாற்காலியில் அன்னக்கொடி, ஸ்டூலில் திருவேங்கடம், நடுவில் வேலையில்லாமல் கழுத்து பிடித்துக்கொண்ட ஞானதுரை. வந்தவர் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கீழத்தெருவுல வீட்டுக்கு வீடு குழாய் ஏற்கெனவே இருக்கு. இருக்கிற குழாய்க்கு மறுபடி பைப்பு போட்டுப் பஞ்சாயத்துப் பணத்தச் செலவழிச்சிருக்கீங்க. இது தணிக்கைத் தடை. தொகையைத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து திருப்பிக் கட்டணும்."

"சேர்ந்தா?" என்றார் திருவேங்கடம்.

"சேர்ந்துதான். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கே."

திருவேங்கடமும் அன்னக்கொடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே தாளில், ஒரே வரியில், இரண்டு பேர் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் முதன்முதலாக எழுதியது அந்தத் தணிக்கைக்காரர்தான்.

எழுதி முடித்ததும் அவருக்குத் தொண்டை வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அன்னக்கொடி எழுந்து, மூலையிலிருந்த குழாயைத் திறந்து, சொம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தி, சொம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கேம்மா. எந்தத் தண்ணி இது?"

"கோப்புல பத்தொன்பது வருசமா வந்துக்கிட்டு இருக்கே, அந்தத் தண்ணிதான் சார்" என்றாள் அன்னக்கொடி. "இன்னொரு சொம்பு தரட்டா?"